மாப்பிள்ளை தேறுவாரா என்று கேட்ட ஆசிரியருக்கு

அன்செல்மோ பாத்திஸ்தா,
கரும்பாலை எடைமேடை எழுத்தர் (ஓய்வு),
ஆலைக் குடியிருப்பு, சான் பெத்ரோ.

‘கீழ்க்காற்று’ பத்திரிகையின் விளையாட்டுப் பக்க ஆசிரியர், கனம் பொருந்திய தோன் எவரிஸ்தோ அவர்களின் சமூகத்துக்கு, பல வருஷத்து வாசகன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதுவது:

இவ்விடம் மாதா புண்ணியத்தில் நானும், என் மனைவி பிலோமேனாவும், மகள் தமாரிசும், அவள் வயிற்றில் இருக்கிற பேரப்பிள்ளையும் சௌக்கியம். கோழிகளும் சௌக்கியம். மாப்பிள்ளை சௌக்கியமா என்று நீங்கள் விசாரிக்க வேண்டியதில்லை, விசாரிக்க வேண்டியதையெல்லாம் ஊரறிய விசாரித்துவிட்டீர்கள். தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் அச்சு இயந்திரமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பேஸ்பால் பத்தியில் தன் முழங்காலைப் பற்றி எழுதுகிற ஆசிரியர் இந்தத் தீவில் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. அதைப் படிப்பதற்கென்றே நான் பத்திரிகை வாங்குகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘அடுத்த பருவத்திலாவது தேறுவாரா யோர்லின்?’ என்று நாலு பத்தி அகலத்துக்குத் தலைப்புப் போட்டு, கீழே என் மாப்பிள்ளை தலையைச் சொறிகிற படத்தையும் போட்டிருந்தீர்கள். அவன் சிரிக்கிற படம் ஒன்றுகூடவா உங்களுக்குக் கிடைக்கவில்லை? கல்யாணத்தில் எடுத்ததை நானே கொடுத்தனுப்பியிருப்பேனே. உள்ளே எழுதியதெல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. முந்தின வருஷம் வடக்கே அமெரிக்காவில் அவன் பந்து கண்ணுக்கே தெரியவில்லை என்று புலம்பிய மட்டைக்காரர்கள், இந்த வருஷம் அதே பந்தை விருந்துச் சாப்பாடு மாதிரி நிதானமாக ரசித்து ரசித்து வேலிக்கு அப்பால் அனுப்பினார்கள். பெரிய அணியிலிருந்து சின்ன அணிக்கு இறக்கினார்கள், சின்ன அணியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள், வந்து எங்கள் குளிர்கால ஆட்டங்களில் போட்டால் இங்கேயும் அதே உதை. எல்லாம் சரி. ஆனால் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் எழுதாமல் நழுவிவிட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். கேள்விக்குறி போட்டது நீங்கள், பதில் சொல்லி மாளாதது நான். ரொட்டி வாங்கப் போனால் ரொட்டிக்காரன் கேட்கிறான், பூசைக்குப் போனால் பாதிரியார் கேட்கிறார், பல் பிடுங்கப் போனேன், வாயில் இடுக்கியை விட்டபடி அந்த டாக்டரும் “தேறுவாரா?” என்கிறார். வாய் திறந்திருக்கும்போது நான் என்னத்தைச் சொல்வது?

ஆனால் சிரிக்கிற சங்கதி இல்லை இது. ஜனவரியில் வடக்கேயிருந்து ஓர் அணியின் ஆள் நம் ஸ்டேடியத்துக்கு வந்து யோர்லின் போடுவதைப் பார்க்கப் போகிறான். அன்றைக்கும் உதை வாங்கினால் பந்தைத் தூக்கி எறிந்துவிட்டு, அவன் அண்ணனுடைய டயர் கடையில் போய் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறான். டயர் கடை நல்ல தொழில், நான் குறை சொல்லமாட்டேன். “ஆனா பந்தைக் கையில வாங்கும்போது அவர் மூஞ்சியில ஒரு களை வருமே அப்பா, டயரைக் கையில குடுத்தா அது வருமா?” என்று தமாரிஸ் என்னிடம் கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். மாசமாக இருக்கிற பெண் அழுதால் எனக்குத் தாங்காது.

எங்கள் குடியிருப்பைத்தான் உங்களுக்குத் தெரியுமே, இங்கே ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் எல்லாம் கோச். உங்கள் தலைப்பு வந்த நாளிலிருந்து யோர்லின் தெருவில் இறங்கினால் போதும், பின்னால் சவாரிக்கு ஏறிய ஆள் உட்கார்ந்திருப்பதையும் மறந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தி முழங்கையை எப்படி மடக்க வேண்டும் என்று காட்டுகிறான் ஒருவன், ஆட்டுத் தொடையைக் கையில் வைத்துக்கொண்டே எப்படி வீச வேண்டும் என்று காட்டுகிறான் கசாப்புக் கடைக்காரன், அந்தத் தொடை போய் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணியில் விழுந்து அது ஒரு தனிச் சண்டை. பிலோமேனா யாரோ வைத்த கண்தான் காரணம் என்று நாலு தினுசு இலையைப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்து மாப்பிள்ளை தலையில் கொட்டினாள், அதில் அவனுக்கு ஜலதோஷம் பிடித்து, அடுத்த ஆட்டத்தில் தும்மலோடு போட்ட பந்து நடுவர் தொப்பியைக் கொண்டுபோயிற்று. முடிவெட்டும் சிப்ரியான், அவன்தான் டோமினோக் காயாட்டத்தில் என் ஜோடி, தலைப்பின்னல் கனத்தில்தான் கழுத்து ஒரு பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடித்து ஒட்ட வெட்டிவிட்டான், அதற்கப்புறம் அணி கொடுத்த தொப்பி பெரிதாகிப்போய் ஒவ்வொரு பந்துக்கும் மூக்குவரை இறங்கியது. நான் மட்டும் சும்மா இருக்க முடியுமா, ஆயுசெல்லாம் கரும்பு வண்டி எடை போட்டவன். அவன் பூட்ஸ் இரண்டையும் மீன்காரி தராசில் நிறுத்துப் பார்த்தேன், இடது கனம், வலது கனம் இல்லை. இடது பூட்ஸின் அடியில் இருந்த முள்ளில் பாதியைக் கழற்றிவிட்டேன். அன்றைக்குப் பந்து போடுகிற மேட்டில் கால் வைத்ததும் வழுக்கி உட்கார்ந்தானே, அந்தப் படத்தையும் நீங்கள் போட்டீர்கள். அது என் கைவேலை, அவனைத் திட்டாதீர்கள்.

இதற்கும் மேலே ஒன்று நடந்தது. மணிக்கட்டு இறுகிவிட்டது, சின்ன வயசில் பந்துக்குப் பதிலாக வீசியது மாதிரி தெருவில் மூடி வீசினால் சரியாகிவிடும் என்று சொல்லி, தண்ணீர்க் கேன் மூடியை அவன் கையில் கொடுத்து, துடைப்பக்கட்டையால் அடிக்க ஆட்களை நிறுத்தினோம். கசாப்புக் கடைக்காரன் அடித்தான். மோட்டார் சைக்கிள்காரன் அடித்தான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பிலோமேனா, “குடுங்க இப்படி” என்று கட்டையை வாங்கி, ஆயுசில் முதல்தடவையாக ஒரே சுற்று, மூடி ரொட்டிக் கடைக் கூரையைத் தாண்டிப் போய்விட்டது.

“எப்படி அத்தை அடிச்சீங்க?” என்றான் யோர்லின்.

“நீங்க எதையோ ஒளிக்கிறீங்கன்னு தோணுச்சு மாப்பிள்ளை. நிதானமா நின்னு அடிச்சேன்” என்றாள் அவள்.

நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமியார் துடைப்பக்கட்டையால் அடித்த வீரன் என்று தெருவே பாட்டுக் கட்டிவிட்டது. அவனும் சிரித்தான், அப்புறம் உள்ளே போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அவள் சொன்னதை ஒருத்தனாவது காதில் வாங்கினோமா? இல்லை.

இப்போது டோமினோ மேசைக்கு வர வேண்டும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மூலைக்கடை வாசல் மேசையில் தோற்ற ஜோடி எழுந்து அடுத்த ஜோடிக்கு நாற்காலி விட வேண்டும், இது உங்கள் தெருவிலும் உள்ளதுதான். நானும் சிப்ரியானும் எழுந்து வெகுகாலம் ஆகிறது. திறமை இல்லாமல் இல்லை, ஆனால் திறமையில் பாதி என் மாப்பிள்ளையின் இடது கன்னம். கையில் இரட்டை ஆறு மாதிரி மறைக்க வேண்டிய காய் ஒன்று வந்துவிட்டால் அவனுடைய இடது கன்னம் லேசாக உப்பும், வாயில் மிட்டாயை அடக்கியது மாதிரி. அவனுக்கே அது தெரியாது. மேசையில் உட்காருகிற அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் ஒருத்தன் முகம் எதைக் காட்டிக் கொடுக்கிறது என்பதை அவனிடமே சொல்வது எங்கள் மேசையில் கிடையாது. அது அவன் கைக் காயைப் பிடுங்கித் திருப்பிப் பார்ப்பதைவிடக் கேவலம். சிப்ரியானுடைய அப்பா வலது கண்ணைச் சிமிட்டியே ஆயுசு முழுக்கத் தோற்றார், அவர் சவப்பெட்டியை மூடுகிறவரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு மரியாதைக்காரர்கள் நாங்கள்.

போன புதன்கிழமை ஆட்டத்துக்கு தமாரிசால் போக முடியவில்லை, கால் வீங்கியிருந்தது. வீரர்களின் குடும்பத்துக்கென்று வலைக்கு நேர் பின்னால் கொடுக்கிற அவள் இடத்தில் என்னை உட்காரச் சொல்லி அனுப்பினாள். நான் எப்போதும் வெயில் பக்கத்துக் கடைசி வரிசை. அங்கிருந்து பார்த்தால் மாப்பிள்ளை என்பது ஒரு தொப்பியும் ஒரு முதுகும். மூலைக்கடை டிவியில் பார்க்கலாமென்றால் அவன் பந்தைக் கையில் எடுக்கிற நேரம் பார்த்து மின்சாரம் போகும். ஆக அவன் பந்து போடும்போது அவன் முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் ஒரு குண்டு ஆசாமி கடலை தின்றுகொண்டிருந்தார். மேட்டில் யோர்லின் கையுறைக்குள் பந்தைப் பிடித்தான், இடது கன்னம் உப்பியது. “மெதுவா வரும்” என்றேன், என்னையறியாமல். கை அதே வேகத்தில் சுழன்றது, பந்து மட்டும் மெதுவாகத் தவழ்ந்து வந்தது. அடுத்ததற்குக் கன்னம் சப்பையாக இருந்தது. “வேகம்” என்றேன். வேகம். “மெது.” மெது. குண்டு ஆசாமி கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டி, “பெரியவரே, நீங்க மந்திரக்காரரா?” என்று கேட்டார். எனக்கு ஒரே பெருமை. ஒரு கை கடலை வாங்கிக்கொண்டு கால்மேல் கால் போட்டுக்கொண்டு, இரண்டு இன்னிங்ஸ் முழுக்க ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மூன்றாவதில்தான் உறைத்தது. எனக்கு முன்னால், வலைக்கு அந்தப் பக்கம், மட்டைக்காரன் நிற்கிறான். நான் பார்க்கிற அதே முகத்தைத்தான் அவனும் பார்க்கிறான், என்னைவிடக் கிட்டத்தில். கன்னம் உப்பியது, அவன் ஒரு மூச்சு பொறுத்தான், பந்து வேலிக்கு வெளியே போயிற்று. கையில் மீந்த கடலையைக் குண்டு ஆசாமியிடமே திருப்பிக் கொடுத்தேன். வடக்கே அவன் முழங்கையை அளந்தார்கள், இடுப்பை அளந்தார்கள், படம் பிடித்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள், கன்னத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்த்தது எதிரணிக்காரன். ஒருத்தன் பார்த்தால் போதாதா, பருவம் முடிவதற்குள் எல்லா அணிக்கும் பரவியிருக்கும். பையனுடைய தோளுக்கு ஒன்றுமில்லை, மணிக்கட்டுக்கு ஒன்றுமில்லை, பூட்ஸுக்கும் ஒன்றுமில்லை. ரகசியம் வைத்துக்கொள்ளத் தெரியாத ஒரு முகம், அவ்வளவுதான் வியாதி.

நேரே சிப்ரியான் கடைக்குப் போனேன். சவரத்துக்கு நுரை பூசி, கத்தியை என் தொண்டையில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டான்.

“சொல்லப் போறீங்களா?” என்றான்.

“சொல்லாம எப்படிடா இருக்கிறது?”

“சொன்னா மேசை முறை என்னாகிறது? எங்க அப்பாவுக்கே நான் சொல்லல. அதோட நம்ம நாற்காலியும் போச்சு. எழுந்து நின்னா உங்க முட்டி தாங்குமா, அதையும் யோசிச்சுக்குங்க.”

“தாங்காதுதான்.”

“அப்ப பேசாம இருங்க. யாராவது ஒரு புண்ணியவான் சொல்லுவான்.”

“எந்தப் புண்ணியவான்? ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் மேசையில உக்காந்தவன்தானே.”

“அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டு மறுகன்னத்துக்குப் போனான்.

அன்று சாயங்காலம் யோர்லின் மேசைக்கு வந்தான். கன்னம் உப்பியது, அந்தக் காயை அவன் இறக்க முடியாதபடி நான் அடைத்தேன், தோற்றான். எழுந்தவன் அடுத்து உட்காருகிறவருக்காக நாற்காலியைத் துடைத்து நேராகப் போட்டான், அப்படிப்பட்ட பிள்ளை அவன். போட்டுவிட்டு, “மாமா, என் முதுகுப் பக்கம் நின்னு என் காயை எல்லாம் பாத்துட்டு ஆடுற மாதிரியே ஆடுறீங்க. வடக்கேயும் எனக்கு இப்படித்தான் இருந்துச்சு. எல்லாருக்கும் எதுவோ தெரியுது, எனக்கு மட்டும் தெரியல” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு மனசு கேட்கவில்லை ஐயா. ஜெயித்த காயைக் கலைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், சிப்ரியான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்கவில்லை.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அதுதான் இந்தக் கடிதம். நான் அவனிடம் சொன்னால் முறைகேடு. சிப்ரியான் சொன்னாலும் முறைகேடு. ஆனால் யோர்லின் ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பியைக் கையில் எடுக்குமுன் உங்கள் பக்கத்தைத்தான் விரிப்பான், உங்களைத் திட்டிக்கொண்டே கடைசி வரிவரை படிப்பான். ஆகவே இந்தக் கடிதத்தை ஒரு எழுத்தும் குறைக்காமல் வருகிற ஞாயிறு உங்கள் பத்திக்குப் பக்கத்திலேயே அச்சிட்டால், அவன் தானாகவே படித்துத் தெரிந்துகொள்வான். நான் மேசையில் சொன்னதாகாது, பத்திரிகை சொன்னதாகும். எங்கள் மேசை முறையில் பத்திரிகையைப் பற்றி ஒன்றும் இல்லை, சிப்ரியானிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். தலைப்பு மட்டும் ‘தேறுவார்’ என்று போடுங்கள், கேள்விக்குறி வேண்டாம். இனிமேல் பல் டாக்டர் கேட்டால் பத்திரிகையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

தங்கள் இல்லத்தில் கோப்பையில் காப்பியும் கூரையில் ஓடும் குறைவில்லாமல் இருக்கட்டும். மழைக்காலத்தில் முழங்காலுக்கு மேல் கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள். அச்சுக்கூடத்தில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லவும், தலையைச் சொறிகிற படத்தைத் தேர்ந்தெடுத்தவரைத் தவிர.

இப்படிக்கு,
எழுந்து நிற்கத் துணிந்துவிட்ட உங்கள் வாசகன்,
அன்செல்மோ பாத்திஸ்தா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பிலோமேனா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். மேலே சொன்னது எதையும் அச்சிட வேண்டாம்.

“ஏங்க, இதை மாப்பிள்ளை மட்டுமா படிப்பாரு?” என்றாள். “மட்டை பிடிக்கிறவன் அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்தைத்தானே விரிச்சு வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். வீட்டுச் சாவியைப் பத்திரிகையில போட்டு மாப்பிள்ளைக்குக் குடுக்கிறீங்களா?”

நான் இதை யோசிக்கவில்லை. சிப்ரியானும் யோசிக்கவில்லை.

“நான் உங்க மேசையில உக்காந்ததில்லை, எனக்கு ஒரு முறையும் கிடையாது” என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போனாள். வாழைக்காய் மசியலும் பொரித்த பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்த யோர்லினிடம், “மாப்பிள்ளை, பொய்யா எதையாவது மறைக்கிறப்ப உங்களுக்கு இடது கன்னம் உப்புது. சட்டியில வச்ச பால்பாயசத்தை நீங்கதான் காலி பண்றீங்கன்னு எனக்குத் தெரியறது இதனாலதான். பந்து போடறப்பவும் உப்புதாம்” என்றாள். அவ்வளவுதான், நான் இத்தனை பக்கம் எழுதியது. அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்று, கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். தமாரிஸ் பக்கத்தில் நின்று, பொய் சொல்லச் சொல்லிச் சொல்லி அவன் கன்னத்தைக் கையால் பிடித்துப் பிடித்துப் பழக்கினாள். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

நேற்று மேசையில் அவன் முகத்தை நான் பார்த்தேன், பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. கடைசியில் இரட்டை ஆறை மேசையில் அறைந்தான். நானும் சிப்ரியானும் எழுந்தோம். முட்டி வலித்தது, சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தது. சிப்ரியான் இன்னும் என்னோடு பேசவில்லை.

இவ்வளவு எழுதியதை வீணாக்கவும் மனசு வரவில்லை. யோர்லினும் படித்துப் பார்த்துவிட்டு, “மாமா, இது கட்டாயம் அச்சுல வரணும், கொஞ்சம் மட்டும் மாத்தச் சொல்லுங்க” என்கிறான். ஆகையால் இந்தப் பின்குறிப்பைக் கிழித்துவிட்டு மற்றதை அச்சிடுங்கள், கன்னம் உப்புகிறது என்று வருகிற இடத்திலெல்லாம் காதைத் தொடுகிறான் என்று போட்டுவிடுங்கள். இனி வேகப்பந்து வரும்போதெல்லாம் அவன் காதைத் தொடுவதாக ஏற்பாடு. மட்டைக்காரர்கள் எல்லோரும் மெதுபந்துக்காகக் காத்துக்கொண்டு நிற்கட்டும். வலது காது, தோன் எவரிஸ்தோ. அச்சுக் கோர்ப்பவர் தூக்கக் கலக்கத்தில் இடது என்று போட்டுவிடாமல் நீங்களே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளை பிறக்கப்போகிற வீடு.